பழைய கணினியும் புதிய சேமிப்பகமும்

மண்வெட்டியின் பிடி முறிந்தால் பிடியை மாற்றுவது நம் முன்னோர் வழக்கம். மேசைக் கணினியின் விடயத்தில் மட்டும் அவ்வழக்கத்தை நாம் மறந்துவிடுகின்றோம். பத்தாண்டு உழைத்த கணினி, ஆளியை அழுத்தித் தேநீர் ஆறிய பின்னும் விழிக்கவில்லையென்றால், அதன் காலம் முடிந்துவிட்டதெனத் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்புச் சரியானதுதானா?

பழைய கணினியிலே தரவுகளைத் தாங்கி நிற்பது வன்தட்டு என்னும் உறுப்பு. காந்தப் பூச்சுடைய தட்டுகள் அதனுள்ளே சுழல, ஒரு சிறு முனை அவற்றைத் தொடாமல் மேலே நகர்ந்து படிக்கின்றது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டிலே 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அளவு எவ்வளவோ சுருங்கிய பின்னரும் அடிப்படை முறை மாறவில்லை. மேசைக் கணினிகளில் பெருவழக்காயுள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று நேரம் காத்திருத்தல் வேண்டும். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒரு செக்கனில் ஏறக்குறைய 80 இடங்களையே அது தேடிப் படிக்க வல்லது. கணினி விழித்தெழும்போதோ, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேட வேண்டியிருக்கின்றது. தாமதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலே சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஜப்பானிலே தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்னும் பொறியியலாளர் 1984ஆம் ஆண்டில் அறிவித்த பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. குறைகடத்திச் சில்லுகளில் மின்னேற்றமாகத் தரவு தங்குகின்றது. ஓரிடத்தைத் தேடி எடுக்க, ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட ஆவதில்லை. பழைய கணினியின் சாட்டா இணைப்பு, செக்கனுக்கு 300 மெகாபைட் மட்டும் கடத்தும் இரண்டாந் தலைமுறையினதாயினும் கவலையில்லை. நமக்குக் கிடைக்கும் இலாபம் தேடும் நேரம் குறைவதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது.

பொருத்தும் வேலை கடினமன்று. மின்செருகியைக் கழற்றுங்கள். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். புதிய சேமிப்பகம் இரண்டரை அங்குலம் என வழங்கப்படும் வகையினது. மூன்றரை அங்குல இடத்திலே அதனை அமர்த்த ஒரு சிறு தாங்கி வேண்டும். தரவுக்கு ஒரு மெல்லிய வடம், மின்சாரத்துக்குச் சற்று அகன்ற மற்றொரு வடம் ஆகிய இரண்டையும் பொருத்தினால் வேலை முடிந்தது. வடத்தின் முனை எல் வடிவினதாதலால் ஒருபுறமாகவே செல்லும். வலிந்து திணித்தல் ஆகாது.

ஆனால், நேயர்களே, ஆபத்து திருகாணியிலே இல்லை, படியெடுப்பதிலேதான் இருக்கின்றது. இதனை நான் கற்ற விதத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது, எனினும் சொல்லுகிறேன். அயல்வீட்டு நண்பர் ஒருவரின் கணினியிலே இவ்வேலையை மேற்கொண்டேன். பழையதிலிருந்து புதியதற்குப் படியெடுக்கும்போது, எது மூலம், எது இலக்கு என்பதை மாறித் தெரிவுசெய்துவிட்டேன். வெறுமையான சேமிப்பகம் நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டது. காலஞ்சென்ற அவருடைய தந்தையாரின் படங்கள் அதிலே இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படியில்லை. நண்பர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அம்மௌனம் இன்றும் என்னைச் சுடுகின்றது.

ஆகவே, திருப்புளியைக் கையிலெடுக்குமுன், இழக்கவொண்ணாத கோப்புகளை மூன்றாவதோரிடத்திலே படியெடுத்து வையுங்கள். அப்படி திறக்கின்றதா என்பதையும் வேறொரு கணினியிலே பாருங்கள். இரு சேமிப்பகங்களின் கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் ஒரு தாளிலே குறித்து, திரையிற் காண்பவற்றோடு ஒப்பிட்ட பின்னரே ஆணையிடுங்கள். புதியது செவ்வனே இயங்குகின்றதென்று உறுதியாகும் வரை பழைய தட்டை அழிக்க வேண்டாம்.

இம்மாற்றம் எல்லாப் பிணிக்கும் மருந்தாகாது. கணிப்பின் வேகம் இதனாற் கூடாது. நினைவகம் போதாதிருந்தால் அக்குறை நீங்காது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி நிறைவுற்றது. புதிய விண்டோஸை ஏற்கும் தகுதியற்ற கணினிக்கு இச்சேமிப்பகம் அத்தகுதியைத் தந்துவிடாது. அத்தகைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம்.

எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் பிள்ளைகள் பாடம் பயிலவும் உதவிய பழைய கணினியை எறியுமுன், அதிலே தளர்ந்தது எதுவென ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள். ஓர் உறுப்பு மாறினால் அது இன்னுஞ் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஆனால் உறுப்பைக் கடையிலே வாங்கலாம். அதிலிருந்த நினைவுகளை வாங்க எந்தக் கடையும் இல்லை. முதலிலே அவற்றைக் காத்துக்கொள்ளுங்கள்.