தண்டலத்து மின்சாரக் கணக்கு

தண்டலத்து உதிரிபாகப் பட்டறை ஒன்றிலே மின்சாரம் ஒரு விநாடி தடுமாறினாலும், கடைசல் இயந்திரம் நின்று, அதன் பிடியிலிருந்த உருக்குத் துண்டு பழுதாகி, ஸ்கிராப் தொட்டிக்குப் போய்விடுகிறது. இப்படி இடறும் மின்சாரத்துக்கும் பட்டறை கூடுதல் விலையே தருகிறது: தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட்டும், உழவர் பம்புசெட்டுகளுக்கு முழுவதும் இலவசமாக வழங்கும் தர்மத்தின் பாரத்தில் ஒரு பங்கை அரசு மானியமும், மற்றொரு பங்கை இத்தகைய ஆலைகள் செலுத்தும் உயர்ந்த கட்டணமும் சுமக்கின்றன. 1957-இல் பிறந்த மாநில மின்வாரியம், 2010-இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்து, 2017-இல் மத்திய அரசின் உதய் என்னும் கடன் மீட்புத் திட்டத்தின் வாயிலாகக் கடனில் ஒரு பகுதியை மாநில அரசின் தலையில் இறக்கிவைத்து, 2024-இல் பகிர்மானத்துக்கென்றே தனிக் கழகமும் கண்டது. பெயர்ப்பலகை எழுதுவோருக்கு நல்ல காலந்தான்! ஆயினும், பம்புசெட்டுகளில் மிகப் பலவற்றுக்கு மீட்டரே இல்லாதபோது, வயலுக்குப் பாய்ந்த மின்சாரம் எவ்வளவு, வழியிலே விரயமானது எவ்வளவு என்று எந்தக் கணக்கப்பிள்ளையால் பிரித்துச் சொல்ல இயலும்?