சேற்றுவாயுவை உண்ணும் சிற்றுயிர்கள்

வட இத்தாலியிலுள்ள மஜ்ஜோரே ஏரியின் கரையோரச் சேற்றை 1776 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருவர் கோல்கொண்டு கிளறினார். கிளறுந்தோறும் குமிழிகள் எழுந்தன. அவற்றைப் போத்தல்களிற் பிடித்துத் தீக்காட்டியபோது அவ்வாயு நீலச் சுவாலையுடன் எரிந்தது. பிற்காலத்தில் மின்கலத்தை ஆக்கிப் பெரும்புகழ் பெற்ற அலெசாந்துரோ வோல்ற்றாவே அவர். அன்று அவர் பிடித்த சேற்றுவாயுதான் மெதேன்.

காற்றுப் புகாத சேற்றில் இலையும் தழையும் அழுகும்போது, சிலவகை நுண்ணங்கிகள் மெதேனைப் பிறப்பிக்கின்றன. சதுப்புநிலம், நெல்வயல், குளத்தடி, கடலடி எங்கும் இது இடையறாது நிகழ்கின்றது. வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதில், 100 ஆண்டுக் கணக்கிற் பார்த்தால், மெதேன் காபனீரொட்சைட்டைவிட நிறைக்கு நிறை ஏறத்தாழ 28 மடங்கு வலியது. நல்வாய்ப்பாக, உண்டாகும் மெதேனில் ஒரு பெரும்பங்கு காற்றைச் சேருமுன்னரே மறைந்துவிடுகின்றது. அது எங்கே மறைகின்றது?

இவ்வினாவுக்குரிய முதல் விடை ஒல்லாந்திலிருந்து வந்தது. மெதேனையே உணவாகக் கொண்டு வாழும் பற்றீரியம் ஒன்றை 1906 ஆம் ஆண்டில் சோங்கென் என்பார் பிரித்தெடுத்தார். மெதேன் எளிதில் உடையாத பொருள். தொழிற்சாலையில் அதை நீராவியுடன் தாக்கமுறச் செய்து ஐதரசனைப் பெறுதற்கு 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இப்பற்றீரியங்களோ குளிர்ந்த சேற்றினுள் இருந்தவாறே, செம்பையோ இரும்பையோ கொண்ட நொதியம் ஒன்றினால் அதை உடைத்து, முதலில் மெதனோலாக மாற்றிவிடுகின்றன. இதற்கு அவற்றுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது. ஆகவே, கீழிருந்து மெதேனும் மேலிருந்து ஒட்சிசனும் வந்து கூடும் மெல்லிய படையிலேயே அவை குடியிருக்கின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக ஒட்சிசன் வேருக்கு இறங்குவதால், வேரைச் சூழ்ந்த சேற்றிலும் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அதே காற்றறைகள் வழியாகவே மெதேனும் மேலேறித் தப்பிவிடுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

ஒட்சிசன் இல்லையேல் மெதேனை உண்பார் இல்லை என்பதே நெடுங்காலம் நிலவிய கொள்கை. அதைக் கடலடிச் சேறு பொய்ப்பித்தது. வெனிசுவேலாவுக்கு அப்பாலுள்ள கரியாக்கோ ஆழியில் ஆய்வு நடத்திய வில்லியம் றீபேர்க், அங்கு ஒட்சிசன் இன்றியே மெதேன் அழிகின்றதென 1976 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆழத்திலிருந்து மேலேறும் மெதேனும், கடல்நீரிலிருந்து கீழிறங்கும் சல்பேற்றும் சேற்றினுள் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அவ்விடத்தில் இரண்டும் ஒருங்கே குன்றிவிடுகின்றன. அளவீடு தெளிவாகவே இருந்தது. ஆயினும் நுண்ணுயிரியலார் பலர் அதை ஏற்கத் தயங்கினர். அவ்வாறு உண்ணும் உயிரை எவரும் வளர்த்துக் காட்டவில்லை. அத்தாக்கத்தினாற் கிடைக்கும் சத்தியோ ஓருயிர் பிழைப்பதற்கும் போதாதெனத் தோன்றியது. தயக்கம் நியாயமானதே. ஆனால் சேறு எவருடைய கொள்கைக்காகவும் காத்திருக்கவில்லை.

உண்பார் யாரென்பது 2000 ஆம் ஆண்டிற் புலனாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் ஒறெகன் கரைக்கு அப்பாலுள்ள கடலடி மேடொன்றிலிருந்து எடுத்த சேற்றை, அன்ற்யா போயேற்றியசும் அவருடைய குழுவினரும் ஒளிரும் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினர். சிறு சிறு உருண்டைகள் தென்பட்டன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஏறத்தாழ 100 ஆர்க்கியாக்கள். பற்றீரியங்களைப்போலச் சிறியனவாயினும் இவை வேறு குலத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சூழ்ந்து, சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியங்கள் ஓடுபோலப் போர்த்திருந்தன. மெதேனை ஆக்கும் உயிர்கள் கையாளும் முறையையே தலைகீழாக இயக்கி, நடுவிலுள்ளவை மெதேனை உடைக்கின்றன. அப்போது வெளிப்படும் இலத்திரன்களை வெளியிலுள்ளவை ஏற்றுக்கொள்கின்றன. தனித்து நின்றால் இரண்டும் இத்தொழிலைச் செய்யமாட்டா. இவ்விலத்திரன்கள் கலத்திலிருந்து கலத்துக்கு நேரடியாகவே கடத்தப்படுகின்றன என்பதற்கு 2015 ஆம் ஆண்டிற் சான்றுகள் வெளியாயின. சேற்றுவாயுவையும் மின்கலத்தையும் ஒருங்கே ஆராய்ந்த வோல்ற்றா இதைக் கேட்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

கிடைக்கும் சத்தி மிகச் சொற்பமாதலால், இவை இருமடங்காகப் பெருகுவதற்கே மாதக்கணக்கிற் செல்லும். ஆயினும் கடலடிச் சேற்றில் எழும் மெதேனின் பெரும்பகுதியை இவையே நீரைச் சேரவிடாது தடுத்து வருகின்றன.

உலர்ந்த காட்டு மண்ணிலும் மெதேனை உண்போர் உண்டு. இவற்றின் நிலை இன்னும் வியப்பானது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் இரண்டு பங்குக்கும் குறைவாகவுள்ள மெதேனைத் தேடிப் பிடித்தே இவை வாழ்கின்றன. உலகிலுள்ள மண் முழுவதும் இவ்வாறு ஆண்டொன்றுக்கு உட்கொள்வது ஏறத்தாழ 3 கோடி தொன் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் கடலடி உயிர்களைப்போல இவை மனிதன் கைக்கு எட்டாத தொலைவில் இல்லை. நைதரசன் பசளையிட்ட காட்டு மண் மெதேனை உட்கொள்ளும் அளவு குறைந்ததென, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் காடொன்றில் நடந்த சோதனை 1989 ஆம் ஆண்டிற் காட்டியது. அமோனியாவின் மூலக்கூறு பருமனிலும் அமைப்பிலும் மெதேனை ஒத்திருப்பதால், நொதியம் மயங்கி அதையே பற்றிக்கொள்கின்றது; மெதேன் தப்பிவிடுகின்றது. காட்டை அழித்து உழுத நிலத்திலும் இவ்வூண் குன்றுகின்றது. பின்னர் அந்நிலத்தைக் கைவிட்டு, மரங்கள் மீண்டும் ஓங்கி நிழல் பரப்பினாலும், மண்ணிலுள்ள உயிர்களின் பழைய பசி திரும்புவதற்குப் பல பத்தாண்டுகள் செல்கின்றன.