பல்லுக்குத் தகடா, உறையா?

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் சமயச் சொற்பொழிவுகளுக்கிடையே உடல்நலம் குறித்தும் ஓர் உரை இடம்பெற வேண்டும் என எண்ணிய நிர்வாகத்தினருக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன். உடலையே இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றுவது நம் சைவ மரபு. அந்த ஆலயத்தின் வாயிலில் நிற்பவை பற்கள். அவற்றுள் பழுதுற்றவற்றை எவ்வாறு சீர்செய்வது என்பதே இன்றைய பொருள்.

உடைந்த பல்லுக்கு, தேய்ந்த பல்லுக்கு, நிறம் மாறிய பல்லுக்கு 'வெனீர்' போடுவதா, 'கிரவுன்' போடுவதா என்று என்னிடம் கேட்போர் பலர். திருமணம் நிச்சயமான பெண்ணும் கேட்கிறார். பேரப்பிள்ளைகள் கண்ட பெரியவரும் கேட்கிறார். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களோ, ஒரே நாளில் முத்துப்போன்ற பற்கள் என்று ஆசை காட்டுகின்றன. எது அழகு என்று கேட்பதற்கு முன்னர், எது என் சொந்தப் பல்லை அதிகமாக மிச்சம் வைக்கும் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கருத்தை நீங்கள் மனத்திற் கொண்டு சென்றால் என் உரை பயனுடையதாகும்.

முதலில் இவ்விரண்டும் யாவை எனப் பார்ப்போம். வெனீர் என்பது பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய தகடு. பீங்கானாலோ, கம்போசிட் எனப்படும் பிசின் கலவையாலோ செய்யப்படுவது. பீங்கான் தகட்டின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். கிரவுன் என்பது பல்லின் தலைப்பகுதி முழுவதையும் சுற்றிலும் மேலும் மூடும் உறை. நம் மக்கள் 'கேப்' போடுவது என்று சொல்வது இதனைத்தான். பீங்கான், சிர்கோனியா, உலோகத்தின்மேல் பீங்கான், தங்கக் கலவை எனப் பலவகையில் இது செய்யப்படுகிறது.

ஆலயத்திற்கு வருவோர்க்கு இதை எளிதில் விளக்கலாம். சுவாமிக்குச் சந்தனக் காப்புச் சாத்துவதுபோல் மேற்பரப்பில் படிவது தகடு. வெள்ளிக் கவசம் சாத்துவதுபோல் முழுவதையும் மூடுவது உறை. ஆயினும் இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கவசம் பொருந்த வேண்டும் என்பதற்காக எவரும் மூலவர் திருமேனியைச் செதுக்குவதில்லை. திருமேனிக்கேற்பக் கவசத்தைச் செய்கிறோம். பல்லில் நடப்பதோ வேறு. உறை பொருந்துவதற்குப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை செதுக்கியாக வேண்டும். முன்பற்களை வைத்துச் செய்து 2002-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தகட்டிற்காகப் பல்லின் தலைப்பகுதியில் எடை அளவில் 3 முதல் 30 விழுக்காடும், முழு உறைக்காக 63 முதல் 72 விழுக்காடும் நீக்கப்படுவதாகக் கணக்கிட்டனர். பல்லின் மேல் ஓடாகிய எனாமலில் உயிரணுக்கள் இல்லை. ஆகவே நகம்போல் அது மீண்டும் வளராது. செதுக்கியது செதுக்கியதுதான்.

தகடு எவ்வாறு தோன்றியது என்பதையும் சிறிது அறிதல் நலம். 1930-களில் கலிபோர்னியாவில் சார்ல்ஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர், திரைப்பட நடிகர்களுக்காக மெல்லிய தகடுகளைச் செய்து கொடுத்தார். அவை படப்பிடிப்பு நேரத்திற்கு மட்டும் பல்மீது ஒட்டியிருக்கும். பிறகு கழற்றிவிட வேண்டியதுதான். நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955-ஆம் ஆண்டு மைக்கேல் பியூனோகோர் என்பவர், எனாமல்மீது பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவினால் அதன் பரப்பு நுண்ணிய சொரசொரப்படைந்து பிசினை இறுகப் பற்றிக்கொள்ளும் என்று கண்டறிந்தார். 1980-களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை வந்த பின்னரே, இன்றைய தகடு நிலைபெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. தகட்டின் உறுதி எனாமலைப் பொறுத்தது. முன்பல்லின் முகப்பில் எனாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஈறின் அருகே இன்னும் குறைவு. அந்த எனாமல் நல்ல நிலையில் இருந்தால் தகடு நெடுநாள் நிற்கும். எனாமல் தேய்ந்தோ சொத்தையால் அழிந்தோ போயிருந்தால், உள்ளே இருக்கும் டென்டின்மீது ஒட்ட வேண்டிவரும். அங்கே பிடிமானம் குறைவு.

ஆகவே தகடா உறையா என முடிவு செய்வதற்கு முன்னர் நான்கு கேள்விகளை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலாவது, என் பல்லில் நல்ல பகுதி எவ்வளவு மிஞ்சியுள்ளது? முன்பல்லின் முனை சிறிது உடைந்திருந்தால், நிறம் சற்றே மாறியிருந்தால், பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருந்தால், தகடே போதும். பாதிக்கு மேல் சொத்தையில் கரைந்து, பெரிய அடைப்புகள் பல போடப்பட்ட பல்லுக்குத் தகடு உதவாது. அதனைச் சுற்றிப் பிடிக்கும் உறையே காப்பு.

இரண்டாவது, அது எந்தப் பல்? தகடு பெரும்பாலும் சிரிக்கும்போது தெரியும் பற்களுக்கானது. முறுக்கையும் கடலையையும் அரைக்கும் கடைவாய்ப் பல்லின்மேல் விழும் பாரம் மிகப் பெரிது. குறிப்பாக, ரூட் கேனல் எனப்படும் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல், உள்ளே குடையப்பட்டதால் பிளந்துபோகும் ஆபத்து உடையது. வலி நின்றுவிட்டது என்று உறை போடாமல் விட்டு, சில காலம் கழித்துப் பல் வேர்வரை பிளந்து, பிடுங்குவதைத் தவிர வேறு வழியின்றி வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அத்தகைய பல்லுக்கு உறை அவசியம். சிலருக்குக் கடிக்கும் மேற்பரப்பை மட்டும் மூடும் பகுதியுறையே போதுமானதாக இருக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, என் கடி எப்படிப்பட்டது? உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்போர்க்கும், பாக்கைக் கடித்துப் பழகியோர்க்கும், பனிக்கட்டியை மெல்வோர்க்கும் தகடு எளிதில் விளிம்பு பெயரும். அவர்கள் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். தேவையானால் இரவில் அணியும் காப்புத் தட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது, ஈறு நலமாக உள்ளதா? அடித்தளம் ஆடும்போது கோபுரத்திற்கு வண்ணம் தீட்டிப் பயனில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நீரிழிவு நோய் மலேசிய இந்தியரிடையே மற்ற இனத்தவரைவிட மிகுந்திருந்தது. நீரிழிவு கட்டுக்குள் இல்லையெனில் ஈறு நோய் முற்றும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். எனவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, ஈறு சிகிச்சையை முடித்த பின்னரே தகடோ உறையோ போடுதல் முறையாகும்.

இனி, இரண்டுமே வேண்டாத நிலையும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தேநீராலும் வெற்றிலையாலும் வந்த கறை, பல்லைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். இளமையில் அடிபட்டு, வேர் சிகிச்சைக்குப் பின் கறுத்துப்போன ஒற்றைப் பல்லை உள்ளிருந்தே வெளுக்கச் செய்ய இயலும். சிறு உடைவைக் கம்போசிட் கொண்டு ஒரே அமர்வில் நிரப்பலாம். அது விரைவில் தேயும், கறை பிடிக்கும் என்றாலும், செலவு குறைவு, மீண்டும் செப்பனிடுவது எளிது. பிள்ளைகள் விழுந்து முன்பல் உடைந்தால் உடைந்த துண்டைப் பாலிலோ நீரிலோ இட்டு உடனே கொண்டு வாருங்கள். பல வேளைகளில் அதனையே ஒட்டிவிடலாம். இளம் பற்களில் உயிர்க்கூழ் பெரிதாக இருப்பதால், அவற்றைச் செதுக்கி உறை போட அவசரப்படுதல் கூடாது.

அன்பர்களே, தகடும் உறையும் வாழ்நாள் முழுவதற்குமானவை அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் ஆலய மரபு. பீங்கான் தகட்டையும் உறையையும் நன்கு பேணினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேலாக நிற்கும். பின்னர் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பல் இன்னும் சிறிது குறையும். இருபது வயதில் பழுதற்ற பற்களைச் செதுக்கிக்கொள்ளும் இளைஞர், அறுபது வயதுக்குள் எத்தனை முறை அதனை மாற்ற வேண்டியிருக்கும் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் திருமண நிழற்படத்திற்காக ஆயுட்காலச் செலவை ஏற்கலாமா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். குறைந்த விலையில் வெனீர் போட்டுத் தருவதாகச் சொல்லி, அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் தொழில் நடத்தும் போலிகள் நம் நாட்டில் உள்ளனர். சொத்தையை நீக்காமல் அதன்மேல் பிசினைப் பூசுகின்றனர். ஈறுக்கு அடியில் வழிந்த பிசினை அப்படியே விட்டுவிடுகின்றனர். மேலே வெண்மை, உள்ளே அழுகல். 2022 சனவரி முதல் நடப்பில் உள்ள 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்வோர்க்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனை அவர்களுக்கு, பல்லை இழப்பவர் நாம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் மருத்துவரின் பெயர் உள்ளதா எனப் பார்ப்பதும், அவ்வாண்டுக்குரிய தொழில் சான்றிதழைக் காட்டக் கேட்பதும் உங்கள் உரிமை. கேட்பதால் நல்ல மருத்துவர் எவரும் வருந்தார்.

தைப்பூசத்தில் கன்னத்தில் அலகு தரிக்கும் அன்பர்க்கு ஒரு சொல். உங்கள் பற்களில் தகடோ உறையோ இருந்தால், அலகு போடுபவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். உலோகம் பீங்கான்மீது மோதினால் விளிம்பு உடையக்கூடும்.

தகடு போட்டாலும் உறை போட்டாலும், அதன் விளிம்பில் இருப்பது உங்கள் சொந்தப் பல். பீங்கானுக்குச் சொத்தை வராது. விளிம்பில் உள்ள பல்லுக்கு வரும். காலையிலும் இரவிலும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குங்கள். பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யுங்கள். இனிப்பான தேநீரை நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருகுவதைக் குறையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல் போனால் சொல் போகும் என்பர் நம் முன்னோர். தேவாரமும் திருப்புகழும் தெளிவாக ஒலிக்க வேண்டிய வாயன்றோ நம் வாய்!

 எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று, குன்றாத புன்னகையுடன் நீடு வாழப் பிரார்த்திக்கின்றேன்.