சிகிச்சைக்குப் பின் ஒரு தாள்



புற்றுநோய்க்குச் சிகிச்சை நடைபெறும் காலத்தில் நோயாளியைச் சூழ்ந்து பலர் நிற்பர். சிகிச்சை முடிந்ததும் அக்கூட்டம் கலைந்துவிடுகிறது. அடுத்த பரிசோதனை எப்போது, கை வீங்கினால் யாரிடம் காட்டுவது என எடுத்துரைப்பார் இலர். இக்குறையைச் சுட்டி, பெற்ற சிகிச்சையின் சுருக்கத்தையும் இனிச் செய்ய வேண்டியவற்றையும் ஒவ்வொருவருக்கும் எழுதித் தருமாறு அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்றின் அறிக்கை 2006-இல் பரிந்துரைத்தது.

எழுதித் தருவது நல்லதுதானே என்று எவருக்கும் தோன்றும். தமிழாசிரியனுக்குச் சொல்லவே வேண்டா. ஆயினும் மருத்துவ உலகம் அதனைச் சோதித்துப் பார்த்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 408 பெண்களிடம் கனடாவில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தாள் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் மனவேதனையில் வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 12 மருத்துவமனைகளில் நடந்த மற்றோர் ஆய்விலோ, தாள் பெற்றோர் மிகுதியான செய்தி பெற்றனர். ஆனால் நோயைப் பற்றிய கவலையும் மிகுந்தது. அமெரிக்கத் தரநெறிகளில் கட்டாயமாக இருந்த இத்திட்டம் 2020-இல் கட்டாயம் அன்று என மாறியது.

அதனால் தாளே வீண் என்பாரும் உளர். அடியேன் உடன்படேன். அகராதி துயரைத் துடைக்கவில்லையே என்று குறைகூறுவது போன்றது அது. கனடிய ஆய்வில் தாள் பெறாதோரும் புற்றுநோய் மருத்துவரைக் கண்டு பேசியே விடைபெற்றனர். அங்கும்கூட, இனித் தம்மைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தாள் பெற்றோரே தெளிவாக அறிந்திருந்தனர். எனக்கு அதுவே பெரும் பயனாகப் படுகிறது.

நம் வீடுகளில் மருத்துவச் சீட்டுகள் ஒரு மஞ்சள் பையில் கிடக்கும். புதிய மருத்துவர் கேட்டால், “சிவப்பு மருந்து ஏற்றினார்கள்” என்போம். அச்சிவப்பு மருந்து பெரும்பாலும் டாக்சோரூபிசின். அதன் மொத்த அளவு கூடக்கூட இதயத்துக்குக் கேடு வரும் வாய்ப்பும் கூடும்; பல ஆண்டுகள் கழிந்தும் அது வெளிப்படலாம். எத்தனை முறை ஏற்றினர் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு என்ற கணக்கும் வேண்டும். பையைக் கவிழ்த்துத் தேடினாலும் அது எளிதில் அகப்படாது.

ஆகவே வீடு திரும்பும் நாளில் தயங்காது கேளுங்கள்: நோயின் பெயரும் நிலையும், மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு அளித்த இடம், அடுத்த பரிசோதனை நாள், அழைக்க வேண்டியவர் பெயர். ஒரு பக்கம் போதும். ஒரு படியை உள்ளூர் மருத்துவரிடமும், மற்றொன்றை வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.