திருமணியில் பற்றிய கை

(நம் சங்கத்தின் கிறிஸ்துமஸ் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். தலைப்பும் அவரே கொடுத்தார்: ஒற்றுமை, மகிழ்ச்சி, சேவை. எந்த மேடையிலும் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகள். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் வவுச்சர் பார்த்தவன் நான். எதற்கும் ஆதாரம் கேட்டே பழக்கம். அதனால் இந்த மூன்றும் நடந்து காட்டிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். அது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

செங்கல்பட்டு ஊரை ஒட்டித் திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955இல் அரசு எடுத்து நடத்தத் தொடங்குவதற்கு முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அங்கே பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன் என்ற மிஷனரி மருத்துவர். தொழுநோயாளி எதிரே வந்தால் ஊரே ஒதுங்கிய காலத்தில், அவர் நோயாளிகளின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டு நடப்பாராம்.

1947இல் அவரைப் பார்க்க வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரியாக இருந்த தந்தை அந்த மலையிலேயே காய்ச்சலில் 1929இல் இறந்துபோனார். தாய் எவலின் ஊர் திரும்பி ஓய்ந்துவிடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் மலைக் கிராமங்களில் பணி செய்து, 1974இல் காலமானார்.

திருமணியில் பிராண்ட் பார்த்ததெல்லாம் மடங்கிய விரல்கள், கொக்கி போல் வளைந்த கைகள். இதை ஏன் யாரும் ஆராயவில்லை என்று காக்ரேனைக் கேட்டார். நீங்கள்தானே எலும்பு மருத்துவர், உங்கள் துறையில் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லையே என்பதுபோலப் பதில் வந்தது. அப்போது அங்கிருந்த ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தவருக்கு வலி தாங்க முடியவில்லை. அவ்வளவு பிடி!

அந்தப் பிடியில் அவருக்கு ஒன்று விளங்கியது. கை முழுவதும் செத்துப்போகவில்லை. சில தசைகள் செயலிழந்திருக்கின்றன, சில நல்ல பலத்தோடு இருக்கின்றன. வேலூர் திரும்பி, பல மாத ஆராய்ச்சிக்குப் பிறகு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைப்பார்கள். பிறகு பயிற்சி. பழைய வேலையை விட்டு, பக்கத்து விரலின் வேலையைச் செய்ய அந்தத் தசை மெல்லக் கற்றுக்கொள்ளும். மூடிய கை திறக்கும்.

ஞாயிறுதோறும் ஆலயம் போகிறவன் என்பதால் எனக்குப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபம் நினைவுக்கு வருகிறது. விசுவாசிகளை அவர் ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். ஓர் உறுப்பின் துன்பம் மற்ற உறுப்புகளுக்கும் உரியது என்பது அதன் சாரம். ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பது என்று நினைக்கிறோம். அந்தக் கையைப் பாருங்கள்: பலம் உள்ள தசை, பலம் போன தசையின் வேலையை எடுத்துக்கொள்கிறது. அதுதான் ஒற்றுமை.

சரி, கை திறந்துவிட்டது, கதை முடிந்ததா? இல்லை. குணமாகிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் சொன்ன குறை இது: இந்தக் கை பிச்சை எடுக்க உதவவில்லை, கை நன்றாக இருக்கிறது என்று யாரும் காசு போடுவதில்லை, நோய் வந்தவன் என்று வேலையும் தருவதில்லை. அதன் பிறகே வேலூரில் நவஜீவ நிலையம் பிறந்தது. அங்கே தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தார்கள். பிச்சைக்கு நீட்டிய கை பொம்மை செய்கிறது; அதை எங்கோ ஒரு குழந்தை வைத்து விளையாடுகிறது. மகிழ்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல வவுச்சர் எனக்குத் தெரியாது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண், சி.எம்.சி. மருத்துவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு வெளிநாடு சென்று படித்துத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தனக்கு இல்லாததை எண்ணி உட்கார்ந்திருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் தன்னிடம் மீதி இருந்ததை எண்ணினார்.

இதெல்லாம் பெரியவர்கள் செய்தது, நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் சம்பவம். 1980களின் பின்பகுதி. நான் வேலை பார்த்த கிளைக்கு விரல்கள் தேய்ந்துபோன பெரியவர் ஒருவர் பணம் எடுக்க வந்தார். கையெழுத்தும் முடியாது, கைநாட்டும் முடியாது. கால் பெருவிரல் ரேகையை வாங்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது சாட்சிக்கு வரிசையைப் பார்த்தேன். வரிசை இரண்டடி பின்னால் போனது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மட்டும் முன்னே வந்து, பெரியவரின் காலைத் தன் கையால் பிடித்து மையில் ஒற்றி எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, "பெரியவரே, உங்க காலைப் பிடிச்சாத்தான் காசு வருது" என்றார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கடைக்காரர் என்ன மதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் ஆலயத்தில் கேட்ட பல பிரசங்கங்களைவிட அந்த ஒரு கையெழுத்து மனதில் நிற்கிறது.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் கையில் வெளிறிய திட்டு இருக்கிறது, கேட்டிலேயே நிறுத்துங்கள் என்று. நாற்பதுக்கு மேல் கட்டைவிரல் குறிகள் விழுந்தன. மறுநாளிலிருந்து அந்த அம்மா வரவில்லை. என்ன திட்டு என்று ஒரு மருத்துவரும் பார்க்கவில்லை.

தோலில் வரும் எல்லாத் திட்டும் தொழுநோய் அல்ல. உணர்ச்சியற்ற திட்டாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொழுநோயாகவே இருந்தாலும் பெரும்பாலானவர்களின் உடலுக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் இயற்கைச் சக்தி உண்டு. தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல அது. 6 அல்லது 12 மாதம் மருந்து சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கியதும் பரவும் வாய்ப்பும் விரைவில் நீங்கிவிடும். பயந்து மறைத்தால்தான் நரம்பு பாதித்து விரல் மடங்கும். அப்படி மறைக்க வைப்பது நம் கேட்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக நானும் என் மனைவியும் தயார். இன்னும் ஒரு குடும்பம் கூட வந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும். மூன்று வீட்டுக்காரர்களும் இந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்து, திரும்ப வரச் சொல்ல வேண்டும். ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த நாள், நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்கு முன் அவர் நம் கேட்டுக்குள் தலைநிமிர்ந்து வர வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் கேக் இருக்கிறது. வாங்கும்போது, கூட வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். இரண்டாவது சாட்சிக் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது.