சரித்திரம் கற்றலும் கற்பித்தலும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் கல்வி நிதியைப் பற்றியது. அந்நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் வேண்டி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கணினிக்கல்விக்கும் உரியனவாம். இவ்வாண்டு ஒரு பெண், சரித்திரத்தில் பி.ஏ. படித்து, பின்னர் பி.எட். பயின்று, சமூக அறிவியல் ஆசிரியையாக விரும்புவதாக எழுதியிருந்தாள். அவள் தகப்பனார் தையற்கடையொன்றில் கூலிக்குத் தைப்பவர். அவ்விண்ணப்பம் கமிட்டியில் வாசிக்கப்பெற்றபோது, "மாண்டுபோன ராஜாக்களின் கதையைப் படித்து இக்காலத்தில் பிழைக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. அச்சிரிப்பு தகுமா என்று ஆராய்வதே இப்பொழுது நம் நோக்கம்.

முதற்கண் அப்படிப்பு இன்னதென அறிவோமாக. பி.ஏ. மூன்று ஆண்டு. அதன்மேல் ஆசிரியப் பயிற்சி. சென்னை மாகாணத்தில் எல்.டி. என்றும் பின் பி.டி. என்றும் வழங்கிய பட்டமே இன்று பி.எட். எனப்படுகிறது. ஓராண்டாக இருந்த இப்பயிற்சி 2015 முதல் இரண்டாண்டாயிற்று. அதனுள் இருபது வாரம் பள்ளிக்கூடத்திலேயே கழிக்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதுதல், சில நிமிஷங்களில் ஒரு கருத்தை மட்டும் கற்பித்துப் பழகுதல், படம் வரைந்து விளக்குதல், வினாத்தொடுத்தல் ஆகியன ஒவ்வொன்றாகப் பழக்கப்படும். சரித்திரம் மட்டும் அறிந்தால் போதாது. பள்ளியில் சமூக அறிவியல் என்பது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்னும் நான்கும் கூடியது. ஆதலால் சோழரைப் படித்தவள் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் வரிவிதிப்பையும் விளக்கக் கற்க வேண்டும். பின்னர் ஆசிரியர் தகுதித் தேர்வு உண்டு. அதன் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் 60 இப்பாடத்துக்குரியது. அரசுப் பள்ளியில் அமர்வதற்குப் போட்டித் தேர்வும் உண்டு. இவ்வளவையும் கடந்து வருவாளை எளிய வழி தேடியவள் என்று எவர் கூறத் துணிவர்?

இனி, சரித்திரம் ராஜாக்களின் கதைதானா என்பதைப் பார்ப்போம். சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களில் நுந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்தி எண்ணிறந்த இடங்களில் வருகிறது. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனம் கூறும். ஆடு சாவாதிருக்குமோ? செத்ததற்கு ஈடாகக் குட்டி வளரும். தொகை குறையாது என்பதே பொருள். இவ்வொரு சொல்லைக்கொண்டு, மேய்த்தவர் வாழ்வையும் கோயிற் கணக்கையும் அறம் நிலைபெறச் செய்த ஏற்பாட்டையும் வகுப்பில் விளக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவரவர் வந்த ஊரும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கல நெல் பங்கென்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இவர்கள் ராஜாக்களா? எளியோர் பெயரும் கல்லில் இருக்கிறது. அதைப் படிப்பார்தாம் வேண்டும்.

உத்தரமேரூர்க் குடவோலை முறையை நாம் அனைவரும் பெருமையோடு பேசுகிறோம். முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் சாசனங்கள் அதனைத் தெரிவிக்கின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு ஆகார் என்ற விதியைக் கேட்டு எவர் மெச்சமாட்டார்? ஆயினும் அதே சாசனம் கால்வேலிக்கு அதிகமான நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உடையவனையே தகுதியுடையவன் என்கிறது. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமில்லாதார் எங்கே? பெண்டிர் எங்கே? நல்லாசிரியை பெருமையையும் கூறுவாள், இவ்வினாக்களையும் எழுப்புவாள். இரண்டனுள் ஒன்றை மறைப்பது சரித்திரமாகாது.

அன்பர்களே! இதுவரை அயலார் கதை பேசினோம். இனி நம் கதையைப் பேசுவோம். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ரிஸ்லி துரை சாதிகளை மேல் கீழென வரிசைப்படுத்த முற்பட்டார். அதன் பயனாக இந்நாட்டில் பற்பல சமூகத்தார் தம்மை உயர்த்தி எழுதவேண்டுமென மனுச் செய்தனர்; சங்கங்கள் கூட்டினர்; தம் முன்னோர் அரச மரபினர் என்று சிறு நூல்கள் அச்சிட்டனர். அந்தக் காற்று வீசாத சமூகம் அரிது. நம் முன்னோரைப் பற்றி நம் பத்திரிகையிலும் சென்ற ஆண்டு ஒரு வியாசம் வெளிவந்தது. நம்மவர் சோழர் படைத்தலைவர் வழியினர் என்று அதில் கண்டிருந்தது.

அவ்விண்ணப்பத்தோடு அப்பெண் ஒரு சிறு கடிதம் இணைத்திருந்தாள். "மேற்படி செய்திக்கு ஆதாரமான சாசனம் எந்த ஊர்க் கோயிலில் உள்ளது என்று தயைகூர்ந்து தெரிவித்தால் நேரிற் சென்று பார்க்க விரும்புகிறேன்" என்பதே அதிலிருந்த வாசகம். சிலர் இதனை அதிகப்பிரசங்கம் என்றனர். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டதற்கு மெய்யான காரணம் இதுவே. பிழைப்பைப் பற்றிய கவலையன்று. சபையில் உண்மையை மறைத்தல் தகாதாகலின் கூறிவிட்டோம்.

பின்னர் நாம் அவ்வாதாரத்தைத் தேடினோம். வியாசம் நம் பத்திரிகையின் பழைய இதழொன்றைச் சுட்டியது. அவ்விதழ் ஒரு சிறு நூலைச் சுட்டியது. அந்நூலோ "பெரியோர் கூறுவர்" என்று முடித்துக்கொண்டது. சாசனம் ஒன்றுமில்லை. நமக்கு வெட்கம் உண்டாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த குழந்தை கேட்ட கேள்வியை, இத்தனை ஆண்டும் பத்திரிகை நடத்திய நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லையே!

இதனால் நம் பெருமை குன்றுமென அஞ்சவேண்டா. ஏர் பிடித்தும் கடை வைத்தும் கைத்தொழில் புரிந்தும் பஞ்சத்தைக் கடந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டன் பாட்டியர் மெய்யான முன்னோர். படைத்தலைவனை இரவல் வாங்கினால் இவர்களை மறந்தவராவோம். மேலும், அவள் நிற்கப்போகும் வகுப்பில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருப்பர். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பெருமையையோ ஒரு காயத்தையோ சுமந்து வரும். தன் குலக்கதையை ஆராயாது நம்பியவள் அங்கே ஒரு பக்கம் சாய்வாள். தன் வீட்டுக் கதைக்கே ஆதாரம் கேட்டவள் எல்லார்க்கும் பொதுவாக நிற்பாள்.

வருமானத்தைப் பற்றிய ஐயம் நியாயமானதே. அரசுப் பணியிடம் குறைவு, போட்டி மிகுதி, சில ஆண்டு காத்திருக்கவும் நேரிடும், தனியார் பள்ளிகள் பலவற்றில் சம்பளம் சொற்பம். இதனை அவள் தகப்பனாருக்கும் எடுத்துச் சொன்னோம். அவர், "தைக்கிற துணிக்கு அளவு எடுக்காமல் கத்தரி போடக்கூடாதுங்க. இவளும் அளவு கேட்டுத்தானே பேசுகிறாள்? படிக்கட்டும்" என்றார். அதற்குமேல் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே இச்சபையின்முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, அவ்விண்ணப்பத்தை இன்றே ஏற்று, பி.ஏ., பி.எட். ஆகிய ஐந்தாண்டுக்கும் உபகாரச் சம்பளம் அளிக்கவேண்டும். இரண்டாவது, இனி நம் பத்திரிகையில் முன்னோரைப் பற்றி எழுதுவோர் ஆதாரத்தைக் குறிக்கவேண்டும். இல்லையேல் செவிவழிச் செய்தி என்று தெளிவாக அச்சிடவேண்டும். மூன்றாவது, உங்கள் வீட்டுப் பரணிலுள்ள பழைய பத்திரம், ஓலை, கடிதம், கணக்குப் புத்தகம் எதனையும் பழந்தாளென்று எரித்துவிடாது சங்கத்துக்குக் காட்டுங்கள். படியெடுத்து உங்களிடமே திருப்பித் தருவோம். நாளை அப்பெண் அவற்றைப் படித்து நமக்கு நம்மைச் சொல்லுவாள். அவள் சொல்வது இனிப்பாயினும் கசப்பாயினும் பொறுமையோடு கேட்கும் மனம் நமக்கு உண்டாகுக.