மயக்கத்தில் நாடி சொல்வது



நாடி பார்த்தல் நம் மருத்துவத்தின் பழஞ்சொல். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் அறிந்தனர் சித்த மருத்துவர். இன்று ஜார்ஜ் டவுன் மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களில் அவ்விரல்களின் இடத்தில் மின்கம்பிகளும் விரல்நுனிக் கவ்வியும் உள்ளன.

மயக்கமுற்றவர் வலிக்கிறது என்று சொல்ல இயலாது. மயக்கம் போதாதெனில் கத்தி படும்போது அவர் இதயம் விரைகிறது. நிமிடத்திற்கு 70 ஆக இருந்த துடிப்பு 110 ஆகலாம். மருத்துவர் மருந்தைக் கூட்டுவார். ஆனால் குருதி இழந்தாலும் துடிப்பு விரையும். அப்போது மருந்தைக் கூட்டினால் இரத்த அழுத்தம் மேலும் வீழும். எண் ஒன்றே, செய்ய வேண்டியவையோ நேரெதிர்.

நாடியை நம்புவதா, மூச்சை நம்புவதா என்னும் வழக்கு நெடுநாளையது. 1848இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை அகற்றக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டபோது இறந்தாள். முதலில் நின்றது மூச்சா, இதயமா? விடை காண, ஐதராபாத்தில் மருத்துவர் எட்வர்டு லாரி நிஜாமின் ஆதரவுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரு ஆய்வுக் குழுக்களை அமைத்தார். விலங்குகளில் சோதித்து, மூச்சே முதலில் நிற்கும், நாடியைப் பார்க்க வேண்டா என்று முடிவுரைத்தனர். 1911இல் குட்மன் லெவி, இலேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் எனப் பூனைகளில் காட்டினார். மூச்சைப் பார்க்கச் சொன்னதில் லாரி தவறவில்லை. நாடியைப் பாராதே என்றதே பிழை.

ஆதலால் இன்றைய மயக்க மருத்துவர் துடிப்பு, இரத்த அழுத்தம், குருதியின் ஆக்சிஜன் அளவு, வெளிவிடும் மூச்சின் கரியமில வாயு ஆகியவற்றைச் சேர்த்தே நோக்குகிறார்.

இனி நம் வீட்டுச் செய்தி. இரத்தக் கொதிப்புக்கென அட்டெனோலோல், பைசோப்ரோலோல் போன்ற மாத்திரைகளை உண்போர் நம்மிடையே உண்டு. அவை இதயத்தை விரையவிடா. வலியிலும் குருதியிழப்பிலும் திரையில் 70 என்றே இருக்கலாம்! இதை அறியாத மருத்துவர் அந்த எண்ணை நம்பிவிடக்கூடும். நம் மூத்தோரோ, அறுவை தள்ளிப்போகுமோ என்றஞ்சி, "மருந்து ஒன்றும் இல்லை, டாக்டர்" என்றுவிடுகிறார்கள். சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறார்கள்; அது இன்னும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் இதயம் கட்டுமீறி விரையும். நாட்டு மருந்து, லேகியம் உட்பட உண்பவை அனைத்தையும் முன்னரே சொல்லிவிடுவோம். பெயர் நினைவில் இல்லையெனில் மாத்திரை அட்டையையே கையோடு எடுத்துச் செல்வோம்.